காலால் சொன்ன வழி

பிப்ரவரி 4, இரவு

அக்கா,

இந்தக் கடிதத்தை யாருக்கும் காட்டாதே. உன் அறையில் கூடத் தங்கியிருக்கிறவளுக்கும் காட்டாதே. படித்ததும் கிழித்துவிடு. கிழித்துக் குப்பையில் போடாதே, துண்டுகளை ஒட்டிப் படிக்கிறவர்கள் இருக்கிறார்கள். தண்ணீரில் ஊறப்போட்டுக் கரைத்துவிடு. நீ போன இந்த இரண்டு வருடத்தில் நான் உன்னிடம் எதுவும் கேட்டதில்லை. இது ஒன்றைக் கேட்கிறேன்.

அம்மா தூங்கிவிட்டாள். அப்பாவும் படுத்துவிட்டார், ஆனால் குறட்டை இன்னும் வரவில்லை. நான் சாமான் அறையில் தரையில் உட்கார்ந்து எழுதுகிறேன். டார்ச்சின் முகத்தில் சிவப்புத் தாள் கட்டியிருக்கிறேன், வெளிச்சம் கதவிடுக்கில் போகக் கூடாது என்று. சிவப்பு வெளிச்சத்தில் கோடு தெரியவில்லை, அதனால் வரி கோணலாகத்தான் போகும்.

அப்பா விடுதியில் இப்போதும் ராத்திரி சஃபாரி ஜீப்தான் ஓட்டுகிறார். ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து லைட் பிடிப்பாரே, அந்த அண்ணன் வேறு வேலைக்குப் போய்விட்டார். அப்போது எனக்குப் பள்ளி விடுமுறை. "ஆள் கிடைக்கிற வரைக்கும் என் பொண்ணு பிடிக்கட்டும் சார்" என்று அப்பா புது மேனேஜரிடம் கேட்டார். ஆளும் கிடைக்கவில்லை, விடுமுறையும் முடிந்துவிட்டது. நான் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறேன். கணக்கு வகுப்பில் தூங்கி விழுகிறேன்.

எனக்கு அந்த வேலை பிடிக்கும், அதையும் சொல்லிவிடுகிறேன். லைட்டைப் புதர்களின் மேல் மெதுவாக ஓட்டிக்கொண்டே போக வேண்டும். மிருகம் முதலில் தெரியாது, கண்தான் தெரியும். மானின் கண் பச்சையாக வரும், கூட்டமாக இருந்தால் ஒரு தெருவே விளக்கேற்றி வைத்த மாதிரி இருக்கும். முயலின் கண் சிவப்பு, அது ஓடும்போது ஒரு பொறி துள்ளித் துள்ளிப் போகும். கண்டதும் லைட்டைக் கொஞ்சம் கீழே இறக்கிவிட வேண்டும், கண்ணிலேயே அடித்துக்கொண்டிருந்தால் பாவம், அதற்குக் கூசும்.

முதல் வாரத்திலேயே ஒன்று தெரிந்துவிட்டது. நான் காண்கிற கண்களை அப்பா காணவில்லை.

கண்களை மட்டும் அல்ல. ஒரு ராத்திரி பாதை ஓரம் இடிந்து கிடந்தது, அப்பா நேராக அதன் மேலேயே போனார். வாயைத் திறந்தால் பின்னால் இருக்கிற விருந்தாளிகளுக்குக் கேட்கும். அதனால் என் காலால் அவர் காலைத் தட்டினேன். அவர் உடனே வண்டியை ஒடித்தார். அன்றிலிருந்து அது எங்கள் பாஷையாகிவிட்டது. ஒரு தட்டு என்றால் இடது, இரண்டு தட்டு என்றால் வலது, அழுத்தினால் நிறுத்து. இதைப் பற்றி அவரும் பேசியதில்லை, நானும் பேசியதில்லை. ஜீப்பிலிருந்து இறங்கியதும் எங்கள் கால்கள் ஒன்றும் தெரியாதவை போல வீட்டுக்கு நடந்து வந்துவிடும்.

வியாழக்கிழமை நான் தப்புப் பண்ணிவிட்டேன். மரத்தில் ஆந்தை இருந்தது. அதன் மேல் லைட்டை வைத்துக்கொண்டு நானும் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பினால், முன்னால் திருப்பத்தில் இருட்டு கொஞ்சம் தடிப்பாக இருந்தது. அந்த இருட்டுக்குக் காது இருந்தது.

யானை. காலடியில் குட்டி. அப்பா அதை நோக்கி ஓட்டிக்கொண்டிருந்தார். நான் பலம் கொண்ட மட்டும் காலை அழுத்தினேன். ஜீப் நின்றபோது அது மூச்சு விடுவது எங்கள் முகத்தில் பட்டது. அப்போதுதான் அப்பாவுக்கு எதிரே என்ன நிற்கிறது என்று தெரிந்தது. என் காலுக்கு அடியில் அவர் கால் நடுங்கியது. குரல் மட்டும் நடுங்கவில்லை. "யாரும் பேசாதீங்க. இது அவங்க வீடு, நாமதான் சொல்லாம வந்திருக்கோம்" என்றார். யானை தலையை ஆட்டிப் பார்த்துவிட்டு, குட்டியை உள்ளே தள்ளிக்கொண்டு போய்விட்டது.

திரும்பி வந்ததும் விருந்தாளிகள் கை தட்டினார்கள். "இவ்வளவு பக்கத்துல எங்கேயும் கூட்டிட்டுப் போனதில்ல. என்ன தைரியம் சார் உங்களுக்கு" என்றார்கள். மறுநாள் வரவேற்பறைச் சுவரில் அப்பாவின் படத்தை மாட்டிவிட்டார்கள். மேனேஜர் தோளில் தட்டி, "இனிமே எல்லாரையும் அப்படியே பக்கத்துல கூட்டிட்டுப் போங்க" என்கிறார்.

அக்கா, எனக்குப் பயமாக இருக்கிறது. நீ கண் ஆஸ்பத்திரியில்தானே வேலை செய்கிறாய். ஏதாவது சொட்டு மருந்து அனுப்பு. அவர் கண்ணில் விடச் சம்மதிக்க மாட்டார், தெரியாமல் சாப்பாட்டில் கலந்துவிடலாமா என்றும் எழுது.

பதிலை இங்கே அனுப்பாதே. என் வகுப்புச் சோடாபுட்டியின் வீட்டு முகவரிக்கு அனுப்பு, உறையின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். கண்ணாடியைக் கழற்றினால் அவளுக்குத் தன் கையே தெரியாது, ஆனால் அவளை நம்பலாம்.

குறட்டை இன்னும் வரவில்லை. நிறுத்துகிறேன்.

வாலு


பிப்ரவரி 9

வாலு,

கண் மருந்தைச் சாப்பாட்டில் கலக்கலாமா என்று கேட்ட முதல் ஆள் நீதான். டாக்டரிடம் சொல்லியிருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார். சொல்லவில்லை, பயப்படாதே. கடிதத்தை வாளித் தண்ணீரில் போட்டேன். அரை மணி நேரம் கழித்தும் உன் கோணல் எழுத்து அப்படியே மிதந்தது. கடைசியில் கையால் பிசைந்து கரைத்தேன். கூட இருக்கிறவள், "என்னடி, காகிதத்தைத் துவைக்கிறே" என்று கேட்டாள்.

இனிச் சிரிப்பு போதும். நான் இங்கே டாக்டர் இல்லை. காலையில் வருகிறவர்களைச் சுவரில் இருக்கிற எழுத்துகளைப் படிக்கச் சொல்வேன், கண்ணில் சொட்டு விட்டு வரிசையில் உட்கார வைப்பேன், அழுகிறவர்களுக்குப் பஞ்சு கொடுப்பேன். ஆனாலும் ஒரு நாளைக்கு எத்தனை கண்களைப் பார்க்கிறேன். நீ எழுதியது போல நிறையப் பேர் வருகிறார்கள். சிலருக்கு அது புரை, எடுத்துவிட்டால் மறுபடி பளிச்சென்று தெரியும். சிலருக்குக் கண்ணின் உள்ளே இருக்கிற திரையே கெட்டுப்போயிருக்கும், அதற்கு வழியில்லை. எது என்று கண்ணைப் பார்க்காமல் யாராலும் சொல்ல முடியாது. விளக்கைப் பார்க்கும்போது அதைச் சுற்றி ஏதாவது தெரிகிறதா, பகலில் படிக்கச் சிரமப்படுகிறாரா, இதையெல்லாம் கவனித்து எழுது.

ஆனால் அதற்கு முன்னால் ஒன்று. நீ அந்த ஜீப்பில் ஏறக் கூடாது. நீ ஏறாவிட்டால் அவரும் ஓட்ட முடியாது. அவ்வளவுதான் விஷயம். பின்னால் ஒன்பது பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், பதினைந்து வயதுப் பெண்ணின் பெருவிரலை நம்பி. உனக்குத் தும்மல் வந்தால் என்ன ஆகும்? அவரிடம் சொல். அவரிடம் சொல்ல வாய் வரவில்லையென்றால் அம்மாவிடம் சொல். உன் பதில் வரும்வரை பார்ப்பேன். அதில் நீ சொல்லிவிட்டதாக இல்லையென்றால் நானே மேனேஜருக்குப் போன் செய்வேன்.

என்னை எதற்கு நடுவில் இழுத்தாய் என்றும் கேட்கத் தோன்றுகிறது. மூன்று கடிதம் அவருக்கு எழுதினேன். ஒன்றுக்கும் பதில் இல்லை. நான் செய்த குற்றம் என்ன? வரவேற்பறையில் எனக்காகக் கேட்டு வாங்கிய வேலையை வேண்டாம் என்றேன். அவர் இஸ்திரி போட்டு ஆணியில் மாட்டி வைத்திருந்த சீருடையைப் போடாமல் பஸ் ஏறினேன். அது அவருக்கு அவமானமாகப் போய்விட்டது. சரி, இருக்கட்டும். ஆனால் அன்று விடியற்காலை பஸ் கிளம்பும்போது நான் ஜன்னலில் முழங்கை வரை வெளியே நீட்டிக் கையை ஆட்டினேன். அவர் வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கையைத் தூக்கவில்லை. மரம் மாதிரி நின்றார். அதை நான் மறக்கவில்லை.

பரீட்சைக்குப் படி. தூங்கு.

அக்கா


பிப்ரவரி 14, இரவு

அக்கா,

நீ போன் செய்தால் நான் உன்னோடு ஆயுசுக்கும் பேச மாட்டேன். நான் உன்னிடம் கேட்டது மருந்து. நீ அனுப்பியது மிரட்டல்.

போன் செய்தால் என்ன நடக்கும் என்று யோசித்தாயா? அப்பாவின் படத்தைச் சுவரிலிருந்து இறக்குவார்கள். அது போனால் போகட்டும், மூக்கு கொஞ்சம் பெரிதாகத்தான் விழுந்திருக்கிறது. ஆனால் இந்த வீடு விடுதியுடையது. வேலை போனால் சாவியைக் கேட்பார்கள். அம்மா விடுதிச் சலவை அறையில் போர்வை மடித்துச் சம்பாதிப்பதில் நாங்கள் எங்கே போவது? இதெல்லாம்கூடப் பெரிதில்லை. நீ சொன்னால் நான் அப்பாவைக் காட்டிக் கொடுத்ததாக ஆகிவிடும். அவர் என் முகத்தைப் பார்க்க மாட்டார், நானும் அவர் முகத்தைப் பார்க்க முடியாது.

அம்மாவிடம் சொல்லப் பார்த்தேன். "அம்மா, அப்பாவுக்கு இருட்டுல..." என்று ஆரம்பித்தேன். "உங்கப்பாவுக்கு இருட்டுதான்டி பகல்" என்று பெருமையாகச் சிரித்தாள். மேலே பேச வாய் வரவில்லை.

நீ கவனிக்கச் சொன்னதைக் கவனித்தேன். வாசல் பல்பைப் பார்த்து அப்பா, "என்ன இது, பல்புக்கு மஞ்சள் மஞ்சளா முடி முளைச்சிருக்கு" என்றார். அம்மா உள்ளேயிருந்து, "கொஞ்சம் பிடுங்கி உங்க வழுக்கையில ஒட்டிக்கோங்க" என்றாள். பேப்பரை ஜன்னல் பக்கம் சாய்த்துச் சாய்த்துப் படிக்கிறார், "இப்பல்லாம் மை ஊத்தாமலே அச்சடிக்கிறானுங்க" என்கிறார். எதிரே லாரி வந்தால் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, அது போகும்வரை வண்டியின் முன் கண்ணாடியைத் துடைக்கிறார். இது நல்லதா கெட்டதா, எழுது.

போன வாரம் ஒரு கூத்து நடந்தது. விடுதி வாசலுக்குத் திரும்பும் இடத்தில் இரண்டு கண் மின்னியது. நான் காலை அழுத்துவதற்குள் பின்னால் ஒரு அம்மா "ஆ" என்றார். அப்பா சட்டென்று நிறுத்தி, தணிந்த குரலில், "காட்டுப்பூனை. ரொம்ப அபூர்வம். கூச்ச சுபாவம், ஆளைக் கண்டா நிக்காது" என்றார். அது நம் சமையலறைப் பூனை, பாதி வால் உள்ளது. ஜீப்பை அடையாளம் கண்டு நேராக வந்து டயரில் முதுகைத் தேய்த்தது. அப்பா கொஞ்சமும் அசரவில்லை. "பாத்தீங்களா, மனுஷங்களோட எவ்வளவு பழகிடுச்சு" என்றார். பெரிய கேமரா வைத்திருந்த மாமா ஒருவர் தரையில் படுத்துப் படம் எடுத்தார்.

வீட்டுக்கு வரும் வழியில் எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அப்பாவும் சிரித்தார், கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். அப்புறம் படியில் உட்கார்ந்துவிட்டார். ரொம்ப நேரம் எழுந்திருக்கவில்லை. "உள்ள வாங்கப்பா" என்றேன். "நீ போ, காத்து நல்லா இருக்கு" என்றார். காற்றே இல்லை.

பஸ் விஷயம் எழுதியிருந்தாய். அதற்கும் பதில் சொல்கிறேன். நீ போன பிறகும் அப்பா வாசலிலேயே நின்றார். பஸ் திருப்பத்தில் மறைந்து, சத்தமும் போய்விட்டது. அப்புறம் என்னிடம், "பஸ் போயிடுச்சா?" என்று கேட்டார். அப்போது கோபத்தில் கேட்கிறார் என்று நினைத்தேன். இப்போது எழுதிக்கொண்டிருக்கும்போதுதான் தோன்றுகிறது. அன்றைக்கு நன்றாக விடிந்திருக்கவில்லையே, அக்கா. பஸ்ஸின் விளக்கு நேராக அவர் முகத்தில் அடித்துக்கொண்டிருந்ததே.

வாலு


பிப்ரவரி 18

வாலு,

கடைசி நாலு வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். வேலையில் ஒரு பெரியவருக்கு வலது கண்ணில் விட வேண்டிய சொட்டை இடது கண்ணில் விட்டுத் திட்டு வாங்கினேன். ஆபத்தில்லாத சொட்டுதான், கவலைப்படாதே.

போன் செய்யவில்லை. செய்யவும் மாட்டேன். நேரில் வருகிறேன்.

வீட்டுக்கு வரவில்லை. வரும் சனிக்கிழமை ராத்திரி ஜீப்பில் ஒன்பது பேரில் ஒருத்தியாக வருகிறேன். டிக்கெட்டும் ராத்திரி தங்க விடுதியில் அறையும் எடுத்தாகிவிட்டது, கூட வேலை செய்கிறவளின் பெயரில். மேனேஜர் புதிய ஆள், என்னைத் தெரியாது. எல்லோரும் ஏறிய பிறகு, இருட்டியதும் கடைசியாக ஏறுவேன். பின் வரிசை, ஓரத்து இருக்கை. அப்பா எவ்வளவு பார்க்கிறார் என்று நானே என் கண்ணால் பார்க்க வேண்டும். என்ன செய்வது என்று அதற்குப் பிறகுதான் முடிவு செய்வேன்.

என்னைக் கண்டதாகக் காட்டிக்கொள்ளாதே. லைட்டை என் பக்கம் திருப்பாதே. முக்கியமாக, பதற்றத்தில் அவர் காலைத் தப்பாகத் தட்டிவிடாதே.

அக்கா


பிப்ரவரி 26, ஞாயிறு

வாலு,

காலை பஸ்ஸில் திரும்பி வந்துவிட்டேன். உடம்பு முழுக்க ஜீப்பின் தூசி. இன்னும் குளிக்கவில்லை, முதலில் இதை எழுதிவிடுகிறேன்.

நீ நன்றாகத் தலை வாரிக்கொண்டு வந்திருந்தாய். எனக்காகத்தானே. இருட்டில் யாருக்குத் தெரியப்போகிறது, பைத்தியம்.

நான் ஏறும்போது அப்பா ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கையை நீட்டினார். பிடித்து ஏறினேன். என் முகத்துக்கும் அவர் முகத்துக்கும் ஒரு முழம்கூட இல்லை. "பாத்தும்மா, தலை இடிக்கும்" என்றார். யாரோ ஒரு பெண்ணிடம் சொல்வது போலச் சொன்னார். பிறகு, "கையை வெளிய நீட்டாம உக்காருங்க" என்று ஒரு 'ங்க' போட்டார். என் அப்பா என்னை வாங்க போங்க என்றார். எனக்கு அப்போதே இறங்கி ஓடிவிடலாம் போல இருந்தது.

நான் கோபத்தோடுதான் வந்தேன். ஒன்பது பேரின் உயிரோடு விளையாடுகிறாரே, காலையில் நேராக மேனேஜர் அறைக்குப் போய்விடுவது என்று மனதில் எழுதியே வைத்திருந்தேன். முதல் கொஞ்ச தூரம் அவர் ஓட்டுவதை மட்டும் பார்த்தேன். பாதை அவருக்கு மனப்பாடம். வளைவு வருவதற்கு முன்பே கை தயாராகிறது. ஆனால் பாதையில் புதிதாக எது வந்தாலும், விழுந்த கிளையோ குறுக்கே போகிற முயலோ, அவர் தலை அசையவில்லை. உன் முழங்கால் அசைந்த பிறகுதான் ஜீப் அசைகிறது.

முள்ளம்பன்றிகள் வந்தன, ஞாபகம் இருக்கிறதா? அப்பா நிறுத்தி, "அம்மாவும் குட்டியும், ரெண்டு பேரு" என்றார். என் பக்கத்துச் சின்னப் பையன், "மூணு இருக்கு அங்கிள்" என்றான். "மூணாவது ஆளு சொல்ல வேணாம்னு கேட்டுக்கிட்டான் தம்பி, நீ காட்டிக் குடுத்துட்டியே" என்றார் அப்பா. ஜீப்பே சிரித்தது. எவ்வளவு அழகாகச் சமாளிக்கிறார். எத்தனை நாளாக இப்படிச் சமாளித்துக்கொண்டிருக்கிறாரோ.

அப்புறம் ஆந்தை. நீ லைட்டை மேலே தூக்கினாய். அது முதுகைக் காட்டிக்கொண்டே முகத்தை மட்டும் முழுசாக எங்கள் பக்கம் திருப்பியது. அப்பா பழைய கதையை ஆரம்பித்தார். "எங்க வீட்டம்மாவும் இதே மாதிரிதாங்க. சமையல்கட்டுல முதுகைக் காட்டிக்கிட்டு நிப்பாங்க..." அதற்கு மேல் எனக்கு அடக்க முடியவில்லை. வாயைத் துணியால் பொத்திக்கொண்டேன். நான் எத்தனை நூறு தடவை கேட்ட கதை, சொல்கிற விதம்கூட மாறவில்லை. அப்பா ஒரு நொடி நின்றார். பிறகு, "...வாசல்ல நான் செருப்போட நுழையறதை அங்கிருந்தே பாத்துடுவாங்க" என்று முடித்தார். மற்றவர்கள் அப்போதுதான் சிரித்தார்கள்.

திரும்பும் வழியில்தான் அதைப் பார்த்தேன். பையன் தன் தண்ணீர் பாட்டிலைக் கீழே போட்டுவிட்டான், எடுக்கக் குனிந்தேன். இருக்கைகளுக்கு நடுவே முன்பக்கம் தெரிந்தது. ஸ்டீயரிங்குக்கு முன்னால் இருக்கிற மீட்டரின் சின்னப் பச்சை வெளிச்சத்தில் உன் கால் தெரிந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு, வெறுங்காலை அவர் கால் மேல் வைத்திருந்தாய். தட்டுவதற்காக இல்லை, அப்போது பாதை நேராகத்தான் இருந்தது. சும்மா வைத்திருந்தாய். அவரும் எடுக்கவில்லை.

எனக்குக் கொஞ்சம் பொறாமையாக இருந்தது. சிரிக்காதே.

காலையில் மேனேஜர் அறை வாசல் வரை போனேன். கதவு திறந்திருந்தது. அவர் தலை நிமிர்ந்து, "சஃபாரி எப்படி இருந்துச்சு மேடம்?" என்றார். "வழிகாட்டி ரொம்ப நல்லவர்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அதைச் சொல்லத்தான் வாய் வந்தது. சலவை அறை ஜன்னல் வழியாக அம்மாவையும் பார்த்தேன், போர்வையின் ஒரு முனையைப் பல்லால் கடித்துக்கொண்டு மடித்துக்கொண்டிருந்தாள். கூப்பிட்டிருந்தால் அங்கேயே அழுதிருப்பாள், விடுதி முழுக்கத் தெரிந்திருக்கும்.

ஆனால் வாலு, நான் பார்த்ததை நான் பார்த்தேன். இது நிற்க வேண்டும். நான் சொன்னால் காட்டிக் கொடுத்ததாக ஆகும் என்று நீ எழுதியது சரி. அவர் வாயால் அவரே சொல்ல வேண்டும். அதற்கு ஒரே ஒரு வழிதான் எனக்குத் தெரிகிறது, உன் காலை எடுத்துவிடு. அவருக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டு எடு. ஜீப்பில் வைத்து வேண்டாம், வீட்டில் வைத்துச் சொல். "நாளையிலிருந்து நான் வரலப்பா" என்று மட்டும் சொல், ஏன் என்று அவர் கேட்க மாட்டார்.

அங்கே கிளம்புவதற்கு முன்பே டாக்டரிடம் பெயர் சொல்லாமல் பேசினேன். பல்பில் முடி முளைத்ததைச் சொன்னதும், "அது புரையாக இருக்கலாம், பார்க்காமல் சொல்ல மாட்டேன், கூட்டி வா" என்றார். புரையானால் சரி செய்யலாம். அடுத்த திங்கள் பதினோரு மணிக்கு நேரம் வாங்கியிருக்கிறேன். வருவாரா என்று தெரியாது. வந்தால், நான்தான் சொட்டு விட வேண்டியிருக்கும். என் கை நடுங்காமல் இருக்க வேண்டும்.

அக்கா


மார்ச் 2, இரவு

அக்கா,

உன் கடிதத்தைச் சோடாபுட்டி இன்று பள்ளியில் கொடுத்தாள். அதற்கு முன்பே எல்லாம் தலைகீழாகிவிட்டது. வரிசையாகச் சொல்கிறேன்.

சனிக்கிழமை நீங்கள் எல்லோரும் இறங்கிப் போன பிறகு அப்பா வழக்கம்போல இருக்கைகளைத் துடைத்தார். நான் லைட்டின் கம்பியைச் சுற்றிக்கொண்டிருந்தேன். பின் வரிசைக்கு வந்ததும் துடைப்பதை நிறுத்திவிட்டார். ஓரத்து இருக்கையில் கையை வைத்துக்கொண்டு சொன்னார்: "நான் செருப்புக்கு வர்றதுக்கு முன்னாடியே ஒருத்தி சிரிச்சா."

நான் கம்பி சுற்றுவதை நிறுத்திவிட்டேன்.

"பாதியிலேயே சிரிக்கணும்னா அந்தக் கதையை எங்க வீட்டுல கேட்டிருக்கணும்" என்றார்.

அப்புறம் ரொம்ப நேரம் துணியைப் பிழிந்தார். அதில் தண்ணீரே இல்லை. பிறகு என் பக்கம் திரும்பாமல், "மெலிஞ்சிட்டாளா?" என்று கேட்டார்.

நான், "நீங்கதானேப்பா ஏத்தி விட்டீங்க" என்றேன். வேண்டுமென்று சொல்லவில்லை அக்கா, வாயில் வந்துவிட்டது.

"ஏத்தி விட்டேன்" என்றார். "கை கொஞ்சம் எலும்பாத்தான் இருந்துச்சு. முகம் எனக்குத் தெரியல."

அப்படியே சொன்னார். முகம் எனக்குத் தெரியல. இத்தனை நாளில் ஒரு தடவைகூடச் சொல்லாத வார்த்தை. நான் அழுதுவிட்டேன். கொஞ்சம் மெலிந்துதான் இருக்கிறாய், முடியை வெட்டிக்கொண்டிருக்கிறாய், நீலச் சட்டை போட்டிருந்தாய் என்று சொன்னேன். விருந்தாளிகள் முகத்தில் லைட் அடிக்கக் கூடாது என்று அவர் சொல்லிக் கொடுத்திருப்பதால் அதற்கு மேல் பார்க்கவில்லை என்றும் சொன்னேன். "சரி, சரி" என்று தலையாட்டிக்கொண்டே கேட்டார். "நீலமா?" என்று ஒரு முறை கேட்டார். அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து படுத்துவிட்டார். குறட்டை வரவேயில்லை.

அதற்குப் பிறகு மூன்று ராத்திரி போனோம். அப்பா எந்த மிருகத்தின் பக்கத்திலும் போகவில்லை. தூரத்திலேயே நிறுத்திவிட்டார். விருந்தாளிகள் முணுமுணுத்தார்கள். மேனேஜர், "என்ன சார், பழைய தைரியம் எங்க போச்சு?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். அப்பா ஜீப்பின் முன் கண்ணாடியைத் துடைக்கப் போய்விட்டார்.

இன்று மதியம் உன் கடிதத்தைப் பள்ளிக் கழிவறையில் நின்று படித்தேன். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் "நாளையிலிருந்து நான் வரலப்பா" என்று சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன். நான் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. சாயங்காலம் நான் செருப்பு போட்டுக்கொண்டு நின்றபோது அப்பா, "இன்னிக்கு நீ வர வேணாம். பரீட்சை வருதில்ல, படி" என்றார்.

"அப்போ லைட் யாருப்பா பிடிப்பா?" என்றேன்.

"நான் பாத்துக்கறேன்" என்றார்.

நான் பாத்துக்கறேன் என்று சொன்னாரே தவிர அவரால் எதைப் பார்க்க முடியும்? கூடவே ஓடினேன். வாசலில் என் தோளைப் பிடித்துத் திருப்பி உள்ளே விட்டார். "கதவைச் சாத்திக்கோ" என்றார். கோபமே இல்லை. சட்டையை மாற்றியிருந்தார், சஃபாரிக்குப் போடுகிற பச்சைச் சட்டை இல்லை, வெள்ளைச் சட்டை. அது எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. விடுதிப் பக்கமாக நடந்து போனார், சுவரை விரலால் தொட்டுக்கொண்டே போனார்.

அம்மா சலவை அறையில் இருக்கிறாள், பத்தரைக்குத்தான் வருவாள். நான் தனியாக இருக்கிறேன். டார்ச்சில் இன்று சிவப்புத் தாள் கட்டவில்லை, யாருக்குத் தெரிந்தால் என்ன. யானைகள் இந்த வாரம் முழுக்க ஆற்றுப் பக்கப் பாதையில்தான் நிற்கின்றன, நேற்றும் பார்த்தோம். அவர் காலுக்குப் பக்கத்தில் இன்று யாரும் இல்லை. நீ எடுக்கச் சொன்ன காலை அவரே எடுத்துவிட்டார், அக்கா. ஆனால் ஜீப்பை விடவில்லையென்றால்? மேனேஜர் கேட்டதற்காக, ரோஷத்தில் பக்கத்தில் போனாரென்றால்? நான் இப்போது ஓடிப்போய் மேனேஜரிடம் சொல்ல வேண்டுமா? நீ இங்கே இருந்திருந்தால் என்ன செய்திருப்பாய்?

இரு. ஜீப் கிளம்பிவிட்டது. சத்தம் கேட்கிறது. நம் வீட்டைத் தாண்டித்தான் போக வேண்டும்.

தாண்டிப் போகிறது. ஜன்னலில் எட்டிப் பார்த்தேன், பின்னால் ஆட்கள் தெரிகிறார்கள், முன்னால் இருட்டு. அய்யோ, திருப்பத்தில் கியர் கரகரவென்று அரைக்கிறது. காது கூசுகிறது. அவருக்கு வளைவு தெரியவில்லை போலிருக்கிறது. மறுபடி அரைக்கிறது.

அப்பா ஒரு நாளும் கியரை அரைத்ததில்லை. கண் தெரியாவிட்டாலும் கை தெரியுமே அவருக்கு. அந்தத் திருப்பத்தில் கியர் மாறுவதே தெரியாமல் மாற்றுவாரே. இப்படி அரைக்கிறவர் பகல் சஃபாரி ஓட்டுகிறவர்தான், அவரை அப்பா எப்போதும் அதற்காகத்தான் கேலி

அக்கா, வாசலில் யாரோ வந்து நிற்கிறார்கள். அம்மா என்றால் தெருவிலிருந்தே கூப்பிடுவாள். கதவின் மேல் ஒரு கை தடவிக்கொண்டு வருகிறது, எங்கே தட்டுவது என்று தேடுகிற மாதிரி. இப்போது தட்டுகிறது.